தண்ணீர் இல்லாத கண்மாயில் சீனியம்மாள்

முள்ளியேந்தல் பெரிய கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாத ஓர் ஆவணி மாதத்தில் தவசியின் மனைவி சீனியம்மாள் நீச்சலடித்தாள் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, எல்லோரும் கரையில் நின்று கண்ணாரப் பார்த்தவர்கள்தான், பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றவர்கள்தான். அவள் எதற்காக நீந்தினாள் என்பதில்தான் ஊர் குழம்பி, கூட்டம் போட்டு, தீர்ப்புச் சொல்லி, அவள் முகத்தில் முழிக்காமல் திரிந்தது.

அவளுக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது. மகளை மானாமதுரையில் கட்டிக்கொடுத்தாயிற்று, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், பேரன் பேத்திகளுக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. தவசி அந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. மடையைத் திறந்து யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பங்கு வைத்து விடுகிற ஆள். தண்ணீர் நின்று பல வருஷம் ஆகிவிட்டபடியால், மடைச்சாவியை அரைஞாணில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடப்பதைத் தவிர அவனுக்கு அந்தப் பதவியில் வேறு வேலை இருக்கவில்லை, ஆனால் அந்த நடையை அவன் ஒரு நாளும் குறைத்துக்கொண்டதில்லை.

சீனியம்மாளுக்கு ஆசை வந்தது ராமேஸ்வரத்தில். மகளிர் குழுப் பெண்கள் வேன் பிடித்துப் போயிருந்தார்கள். எல்லோரும் முழங்கால் தண்ணீரில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு மூக்கைப் பொத்தி முங்கி எழுந்துகொண்டிருந்தபோது, எந்த ஊர்க்காரியோ, தலை முழுக்க நரைத்த, நல்ல பருமனான ஒரு பொம்பளை, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டி நடந்துபோய், தண்ணீர் மார்புக்கு வந்ததும் கையை வீசிப்போட்டு நீந்தத் தொடங்கி, படகுகள் நிற்கிற இடம்வரைக்கும் போய், அங்கே மல்லாந்து, தன் வீட்டுக் கயிற்றுக்கட்டிலில் கிடப்பது மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளும் யாரையும் தேடவில்லை. சீனியம்மாளுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் வைக்க வேண்டாம். திரும்பி வரும் வழியெல்லாம் மற்றவர்கள் கைதட்டிப் பாடிக்கொண்டு வர, இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வாயைத் திறக்காமல் வந்தாள், பரமக்குடி தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

முள்ளியேந்தலில் பெண்கள் நீச்சல் பழகியதில்லை. கண்மாய் பெருகிக் கிடந்த காலத்தில் பையன்கள் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கரையிலிருந்து குதிப்பார்கள், பெண்பிள்ளைகள் படித்துறையில் உட்கார்ந்து அந்தப் பையன்களின் டவுசரைத் துவைப்பார்கள். பெண்கள் நீந்தக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை; எழுதி வைத்திருந்தால் எவளாவது ஒருத்தி மீறியிருப்பாள். இப்போது பழகலாம் என்றால் தண்ணீருக்கு எங்கே போவது? குடிக்கிற தண்ணீரே டேங்கர் லாரியில் வந்தது, கிணற்றுக்குள் கருவேலஞ்செடி முளைத்திருந்தது. தண்ணீர் வரும்போது வரட்டும், கையும் காலும் இப்போதே இருக்கிறதே, முதலில் அதுகளைப் பழக்கிவைப்போம் என்று சீனியம்மாள் நினைத்தாள்.

அந்த வருஷம் நூறுநாள் வேலையில் கண்மாயைத்தான் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் எல்லோரும் கருவேல நிழலில் தூக்குவாளியைத் திறக்கும்போது அவள் மட்டும் கஞ்சியை மடமடவென்று குடித்துவிட்டு, வெட்டிப்போட்ட மண்மேட்டில் குப்புறப் படுத்து, கையை முன்னால் வீசிக் காலை உதைத்தாள். அவளோடு வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அதைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்து, வலிப்புக்கு இரும்பு கொடுப்பதுதானே வழக்கம், ஒரு மண்வெட்டியைத் தூக்கி அவள் கையில் திணித்தாள்.

"வலிப்பு இல்லடி. நீச்சல்."

"நீச்சலா? எதுக்குக்கா?"

"நீந்தத்தான்."

"இந்த வயசுல எதுக்கு?"

"இந்த வயசுலதான் தோணுச்சு. போ, போயிக் கஞ்சியக் குடி."

அன்று வீட்டுக்குப் போகும்போது முழங்கையிலும் முட்டியிலும் தோல் வழண்டிருந்தது, விலா எலும்பு இழுத்துப் பிடித்தது. மறுநாள் உடம்பு வேண்டாம் என்றது. உடம்பின் சூழ்ச்சி அவளுக்குத் தெரியும், ஒருநாள் விட்டால் மறுநாளும் விடச் சொல்லும். அதனால் தனக்குத்தானே ஒரு கட்டளை போட்டுக்கொண்டாள்: நீந்தாமல் வெற்றிலை கிடையாது. கஞ்சி குடித்த வாய்க்கு வெற்றிலை இல்லாவிட்டால் அவளுக்கு உலகமே பிடிக்காமல் போய்விடும், ஆகவே எவ்வளவு வெயிலானாலும், எவ்வளவு பேர் சிரித்தாலும், மண்மேட்டில் விழுந்து புரண்டு எழுந்துவிட்டுத்தான் சுண்ணாம்பு டப்பியைத் திறந்தாள். கை நினைவிருக்கும்போது கால் மறந்தது, கால் நினைவிருக்கும்போது மூச்சு மறந்தது, மூச்சு நினைவிருக்கும்போது வாய்க்குள் மண் போனது. வைகாசி போய், ஆனி போய், ஆடிக்காற்று அள்ளிக் கொட்டிய புழுதியெல்லாம் அவள் தலையில் இறங்கி முடிந்த பிறகு, ஆவணியில் ஒரு மத்தியானம் கையும் காலும் மூச்சும் ஒன்று சேர்ந்தன, அவள் மண்மேட்டை விட்டு எழும்பினாள்.

முதலில் ஒரு சாண் உயரம், பிறகு ஒரு முழம், பிறகு உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல். கையை வீச வீச முன்னால் போனாள், காலை உதைக்க உதைக்க மேலே நின்றாள், சேலை மடிப்பில் சேர்ந்திருந்த மண் பொலபொலவென்று கீழே கொட்டியது.

"யக்கா, என் கஞ்சியில மண்ணு விழுகுது, அங்கிட்டுப் போயி நீந்து" என்றாள் பஞ்சவர்ணம்.

வருகைக்குப் போட்டோ எடுக்கிற பொறுப்பாளர் பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தது. "பெரியம்மா, போட்டோவுக்கு மட்டும் செத்த நேரம் தரையில நில்லுங்க. அந்தரத்துல இருந்தா ஆப்சென்ட் ஆயிரும்." சீனியம்மாள் உதைப்பதை நிறுத்தினாள், சொத்தென்று விழுந்தாள், எழுந்து நின்று போட்டோவுக்கு முகத்தைக் காட்டினாள். உதைத்தால்தான் மேலே, நிறுத்தினால் கீழே என்பது அப்படித்தான் அவளுக்குத் தெரியவந்தது.

அந்த வாரத்திலேயே ஊர் பழகிவிட்டது. மத்தியானமானால் கரையில் கூட்டம் கூடியது. எப்போதோ டவுசர் காலத்தில் நீந்தியதோடு சரி, இப்போது குளியலறைக் குவளையை விட்டால் வேறு தண்ணீர் அறியாத கிழவர்கள் கரையில் நின்று, இடுப்பை வளைக்காதே, கழுத்தை நிமிர்த்து என்று கத்தினார்கள். கொக்குகள் அவளோடு கொஞ்ச தூரம் பறந்துவிட்டு, மீன் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டன. அவள் எவ்வளவு முயன்றாலும் கலுங்கு மட்டத்துக்கு மேலே, அதாவது கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்தோடுகிற அந்தக் கற்சுவரின் உயரத்துக்கு மேலே, ஒரு விரற்கடைகூடப் போக முடியவில்லை என்பதையும் அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். நிறைந்த கண்மாயில் தண்ணீர் எங்கே நிற்குமோ அங்கேதான் அவள் மிதந்தாள். அப்படியானால் கண்மாய் நிறைந்துதான் இருக்கிறது என்று ஊர் முடிவுக்கு வந்தது, வினை அங்கேதான் பிடித்தது.

நிலக்காரர்கள் தவசியிடம் வந்து மடையைத் திறக்கச் சொன்னார்கள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒருவன் தன்னிடம் மடையைத் திற என்கிறான்! தவசி புதுவேட்டி கட்டிக்கொண்டு, மடைக்கு எலுமிச்சம்பழம் அறுத்துவைத்து, சாவியைப் போட்டுத் திருகினான். வாய்க்கால் நெடுகிலும் ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள், வரப்பைச் செதுக்கித் தயாராக வைத்திருந்தார்கள், ஒருவர் நாற்றங்காலுக்கு விதையே ஊறப்போட்டிருந்தார். மடைக்குள்ளிருந்து ஒரு ஓணான் வந்தது, கொஞ்சம் புழுதி வந்தது, வெகுநேரம் காத்திருந்த பிறகு லேசான காற்று வந்தது. அதே நேரத்தில் கண்மாய்க்குள் சீனியம்மாள் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தாள்.

எங்கள் வயலுக்கு வராத தண்ணீர் இவளுக்கு மட்டும் எப்படி வந்தது? இந்தக் கேள்வியோடுதான் அய்யனார் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் கூடியது. மடையை ஒட்டிப் பெரிய நிலம் வைத்திருக்கிற சேவுகன் எழுந்து துண்டை உதறினான்.

"கம்மாத் தண்ணி நெலத்துக்குப் பங்கு. தவசி வீட்டுக்கு ஒரு செண்டு நெலம் கெடையாது. அப்ப இந்தம்மா யாரு பங்குல நீந்துது? எனக்கு அது தெரியணும்."

"கண்மாயிலதான் தண்ணியே இல்லையேப்பா" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். "தண்ணி இல்லாமயா நீந்துது, படிச்சவரு பேசுற பேச்சா இது" என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

ஊர் அம்பலம் ராக்கப்பன் கெட்டவர் இல்லை. தலைமுறையாகத் தீர்ப்புச் சொல்கிற வீட்டுக்காரர், எந்தச் சிக்கலுக்கும் ஒரு வாசல் இருக்கும் என்று நம்புகிறவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏத்தா சீனியம்மா, ஊரு ஒன்னையக் குத்தம் சொல்லல. எதுக்குன்னு கேக்குது. டாக்டரு சொல்லிச் செய்யிறியா? அப்படின்னா அது வைத்தியம், ஊரு தலையிடாது."

தவசி அவசரமாக எழுந்தான். "ஆமாங்கய்யா, மூட்டுவலி. டாக்டருதான் கைகால நீட்டி மடக்கச் சொன்னாரு."

"எனக்கு மூட்டுவலி கெடையாது" என்றாள் சீனியம்மாள். "எதுக்குப் பொய் சொல்றீக?"

"சரி, நேத்திக்கடனா? பேரப்பிள்ளைகளுக்கு ஏதும் வேண்டியிருந்தியா?"

"இல்லையே."

அம்பலம் சிரித்தார். கடைசியாக வைத்திருந்த பெரிய வாசலைத் திறக்கிறவர் மாதிரி இரண்டு கையையும் விரித்தார். "அப்பச் சாமிதான். எனக்கு மொதல்லயே தெரியும். ஒரு வார்த்த சொல்லுத்தா, சாமி வந்து எறங்கியிருக்குன்னு. ஊரே வந்து மால போடும். காலுக்கு மணி கட்டிவிடுறோம். சாமி நீந்துறதுக்கு நெலமும் பங்கும் யாரு கேக்கப் போறா? சேவுகனே தேங்கா ஒடைப்பான்."

கூட்டத்தில் பெண்கள் குலவையிடத் தயாராக நாக்கை மடித்துவிட்டார்கள். சேவுகன்கூடத் தலையசைத்தான். சீனியம்மாள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். நோய் என்றால் ஒப்புக்கொள்கிறார்கள், வேண்டுதல் என்றால் ஒப்புக்கொள்கிறார்கள், சாமி என்றால் காலில் விழவும் சம்மதிக்கிறார்கள். ஒரு பொம்பளை பேரன் பேத்தி எடுத்த பிறகு ஒன்றை ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டாள் என்பதை மட்டும் இவர்களால் தாங்க முடியவில்லையே என்று அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம், உச்சந்தலைக்கு ஏறுகிற கோபம்.

"சாமி எதுக்கு வரணும்?" என்றாள். "கஞ்சியக் குடிச்சிட்டுத் தெனமும் மண்ணுல பெரண்டது நானு. முழங்கையில தோலு போனது எனக்கு. சாமிக்குப் போகல. ஆசப்பட்டேன், பழகுனேன், வந்துருச்சு. அம்புட்டுத்தான்."

இதற்கு என்ன தீர்ப்புச் சொல்வது என்று அம்பலத்தின் பாட்டன் பூட்டன் யாரும் சொல்லி வைத்துவிட்டுப் போகவில்லை. வெகுநேரம் கசமுசவென்று பேசிய பிறகு முடிவு சொன்னார்கள்: சீனியம்மாள் இனிமேல் கண்மாய்க்குள் நீந்தக் கூடாது, மீறி நீந்தினால் ஊரில் யாரும் அவளோடு பேசவோ அவளை ஏறிட்டுப் பார்க்கவோ கூடாது, தவசியிடமிருந்து மடைச்சாவி பிடுங்கப்படும். என்றைக்காவது மனசு மாறிச் சாமிதான் என்று அவள் ஒத்துக்கொண்டால் எல்லாம் பழையபடி.

வீட்டுக்கு வந்ததும் தவசி சோற்றுத்தட்டைத் தள்ளிவைத்தான்.

"சொல்லித் தொலச்சா என்னடி? வாய் வார்த்ததான?"

"வாய் வார்த்ததான்னா அவுக விட்டுற வேண்டியதுதான. எதுக்கு என் வாயில இருந்து கேக்குறாக?"

"இந்தச் சாவி இடுப்புல கெடக்குறதாலதான் நாலு பேரு என்னைய ஒரு ஆளுன்னு கூப்புடுறான். இதுவும் போச்சுன்னா நான் யாருடி இந்த ஊருல?"

அவன்மேல் சீனியம்மாளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை, இத்தனை காலம் அவன் நடையைத் தெருமுனையில் பார்த்துப் பெருமைப்பட்டவள்தான். அடுப்பங்கரைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். பிறகு வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"களையெடுக்கப் பழகுனேன், எங்காத்தா சொல்லுச்சு. மீன் கொழம்பு வைக்கப் பழகுனேன், உங்காத்தா சொல்லுச்சு. பிள்ளை பெத்தேன், பீத்துணி அலசுனேன், எல்லாத்துக்கும் எவராச்சும் சொன்னாக. இது ஒன்னுதாங்க யாரும் சொல்லாம நானாப் பழகுனது. இதையும் சாமி குடுத்துச்சுன்னு சொன்னா, நான் பொறந்து என்னதான் செஞ்சேன்?"

மறுநாள் மத்தியானம் அவள் கண்மாய்க்குள் இறங்கிக் கலுங்கு மட்டத்துக்கு எழும்பியபோது, யாரும் கேட்டு வருவதற்கு முன்னால் தவசியே சாவியை அவிழ்த்துக்கொண்டுபோய் அம்பலம் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அவளோடு பேச்சில்லை. சாப்பிட்டான், தூங்கினான், பேசவில்லை.

ஏறிட்டுப் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டதால் ஊர் ஜனங்கள் கண்மாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்தார்கள். ஆனால் வராமல் இருக்கவில்லை. கழுத்து திரும்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பார்க்க எல்லோரும் பழகிக்கொண்டார்கள், அதுவும் ஒரு பழக்கம்தான், அதற்கு யாரும் கூட்டம் போடவில்லை. சீனியம்மாள் புரட்டாசி முழுக்க நீந்தினாள். பக்கவாட்டில் நீந்தினாள், மல்லாந்து நீந்தினாள், வானத்தைப் பார்த்துக்கொண்டு காலை மட்டும் லேசாக ஆட்டியபடி கிடந்தாள். யாரும் பேசாத அந்த மாதத்தைப் போலச் சந்தோஷமான மாதம் தன் வாழ்க்கையில் வந்ததில்லை என்று பிற்பாடு அவள் பஞ்சவர்ணத்திடம் சொல்லியிருக்கிறாள். ராத்திரி தவசியின் முதுகைப் பார்த்துப் படுக்கும்போது அழுததையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள்.

ஐப்பசியில் மழை வந்தது. பெய்தது என்று சொன்னால் போதாது, எல்லாப் பழைய பாக்கியையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தது. வைகைக் கால்வாய் நிறைந்து, சின்னக் கண்மாய்கள் ஒவ்வொன்றாக நிரம்பி வழிந்து மறுகால் போய், கடைசியில் பெரிய கண்மாய் கலுங்கைத் தொட்டுத் தளும்பியது. மண்மேடு, கருவேலமரம், வேலைக்கு வந்த பெண்கள் தூக்குவாளி திறந்த நிழல் எல்லாம் தண்ணீருக்கடியில் போயின. கலுங்கடியில் பொங்கல் வைக்க ஊர் திரண்டது. பொங்கல் வைக்க வந்தவர்கள் பாதிப்பேர் உண்மையில் சீனியம்மாளைப் பார்க்க வந்தவர்கள். வெறுங் கண்மாயிலேயே அப்படி நீந்தியவள் தண்ணீரில் எப்படி நீந்துவாள் என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? தீர்ப்பை மறந்து நேருக்கு நேராகவே பார்த்தார்கள்.

அவள் வந்தாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கரைச்சரிவில் நடந்து இறங்கி, தண்ணீர் மார்புக்கு வந்ததும் கையை வீசிப்போட்டாள். போட்ட கையோடு அமுங்கிப் போனாள்.

தண்ணீருக்குக் குளிர் உண்டு, கனம் உண்டு, சேலையைப் பிடித்து இழுக்கிற குணம் உண்டு, மூக்கைக் கண்டால் உள்ளே நுழைகிற குணம் உண்டு. வறண்ட கண்மாய் அவளுக்கு இது எதையும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவள் பழகிய உதைப்பெல்லாம் உதைத்தாள், பழகிய வீச்செல்லாம் வீசினாள், ஒவ்வொன்றும் அவளை இன்னும் கீழே கொண்டுபோனது. கரையில் பஞ்சவர்ணம் கத்தியதும் முதலில் குதித்தது தவசிதான். முடியைப் பிடித்து இழுத்துவந்து கரையில் போட்டான், குப்புறப் புரட்டி முதுகில் அறைந்தான், அவள் வயிற்றிலிருந்து கண்மாய்த் தண்ணீர் மூன்று முறை வெளியே வந்தது.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சேவுகன் வாய்விட்டே சிரித்தான். அம்பலம் மட்டும் சிரிக்கவில்லை, அவருக்கு அன்றைக்குத்தான் நிம்மதி. அவள் பக்கத்தில் குந்தி, பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னார்.

"பாத்தியாத்தா? இத்தன நாளும் சாமி ஒன்னையத் தாங்கிப் பிடிச்சிருந்துச்சு. நீ இல்லைன்னு சொன்ன. இன்னைக்குக் கைய விட்டுருச்சு. இப்பவாச்சும் ஒத்துக்க. ஊரு மன்னிச்சிரும். மடையத் தெறக்கணும், தவசியும் பாவம் நிக்கிறான்." மடிக்குள்ளிருந்து சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

தவசி சொட்டச் சொட்ட நின்றான். அவன் கண் சாவியின் மேல் போனது, பிறகு அவள்மேல் போனது, பிறகு தண்ணீர்மேல் போய் நின்றுகொண்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவமானமும் போய்விடும், சாவியும் வந்துவிடும், மாலையும் மணியும்கூட வரும். சீனியம்மாள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள், மூக்கைச் சிந்திப் போட்டாள்.

"அந்தரத்துல நீந்துனதும் நாந்தான், தண்ணியில முங்குனதும் நாந்தான்" என்றாள். "சாமிய எதுக்கு நடுவுல இழுக்குறீக? சாமி கைய விடல. எனக்குத் தண்ணியில நீந்தத் தெரியல. தெரியாததத்தான பழகணும்."

எழுந்தாள். சேலையை மறுபடியும் இறுக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

"ஏய்" என்றான் தவசி. ஒரு மாதத்துக்கும் மேலே ஆகியிருந்தது அவன் அவளைக் கூப்பிட்டு. அம்பலத்தின் நீட்டிய கையைத் தாண்டிக்கொண்டு அவனும் தண்ணீருக்குள் வந்தான். "அது மடைப் பக்கம், ஆழம். இங்கிட்டு வா, இங்க இடுப்பளவுதான். நான் பிடிச்சுக்கிறேன்."

"பிடிக்க வேணாம்" என்றாள் சீனியம்மாள். "பக்கத்துல நில்லுங்க, போதும்."

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, காலை உதைத்தாள்.